கால் பாவாதவன்

“சுடாதே ஈனார்! தகட்டுக்கிட்ட யாரோ நிக்கறான்!”

தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே கத்தினாள் மாரிட்.

ஈனார் விசையிலிருந்து சட்டென்று விரலை எடுத்தான். “மைனஸ் முப்பது குளிர்ல நம்ம ரெண்டு பைத்தியத்தை விட்டா இந்த ஏரிக்கு எவன் வருவான்?”

உறைந்த ஏரியின்மேல் பாய் விரித்துக் குப்புறப் படுத்திருந்தான் அவன். எதிரே பதினாலு கிலோ துப்பாக்கி. தோட்டா ஒவ்வொன்றும் ஆள்காட்டி விரலைவிட நீளம். அடுத்த வாரம் போட்டி. ஆயிரத்து இருநூறு மீட்டர் தள்ளி நட்டிருந்த இரும்புத் தகட்டை மூன்று முறை குறி தப்பாமல் அடித்துவிட்டான். ஒவ்வொரு முறையும் ஐந்து எண்ணிய பிறகே ‘ணங்’ என்ற சத்தம் வந்து சேர்ந்தது.

வெறும் கண்ணுக்கு அங்கே யாரும் தெரியவில்லை.

“குளிர்ல உன் கண்ணும் உறைஞ்சு போச்சு. தள்ளு” என்று தொலைநோக்கியில் பார்த்தான் ஈனார். அப்புறம் அவன் கேலி பேசவில்லை.

இருவரும் பனிவண்டியில் ஏறித் தகடுவரை போனார்கள். ஒருவரும் இல்லை. காலையில் விழுந்த புதுப்பனியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

பாய் விரித்த இடத்துக்குத் திரும்பி வந்து தொலைநோக்கியில் பார்த்தபோது அவன் மறுபடியும் இருந்தான். நின்றான் என்று சொல்ல முடியாது, கால் பாவவில்லை. தகட்டுக்குச் சற்று மேலே, வெறும் காற்றில், யாரோ இழுத்து நீட்டியதுபோல ஒல்லியாக நடுங்கிக்கொண்டிருந்தான். இரண்டு கைகளையும் தலைக்குமேல் வீசி வீசி ஆட்டினான்.

“லெய்ஃப்…” என்றாள் மாரிட்.

அவள் தம்பி. இரண்டு வருஷம் முன்பு இதே ஏரியில் பனி உடைந்து உள்ளே போனவன். உடல் கிடைக்கவே இல்லை.

“என்னைத்தான் கூப்பிடறான். இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம், வா.”

“போயி? அவன் போன வழியிலேயே நாமும் போகவா? செத்தவன் கூப்பிட்டா திரும்பிப் பார்க்கக் கூடாதுடி. ஏறு வண்டியில!”

ஈனார் துப்பாக்கியை அவசரமாக உறையில் போட்டு வண்டியில் கட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியின் படத்துக்கு முன்னால் மாரிட் மெழுகுவத்தி ஏற்றினாள். “இனிமே அலையாதேடா. நிம்மதியா தூங்கு” என்று அழுதாள்.

மறுநாள் காலை போலீஸ்காரர் வெண்டல் கதவைத் தட்டினார்.

“நேத்து ஏரியில சுட்டது நீங்கதானே? ஏதாவது கண்ணுல பட்டுச்சா?”

“ஏன், என்ன விஷயம்?” என்றான் ஈனார்.

“உங்க தகட்டுக்கு நேர் பின்னால ஏழு கிலோமீட்டர்ல, மீன் பிடிக்கப் போன வெளியூர்க்காரர் ஒருத்தர் விறைச்சுச் செத்துக் கிடக்கார். வண்டி பனியை உடைச்சுக்கிட்டு இறங்கிடுச்சு. நனைஞ்ச கால் உறைஞ்சு போய் நடக்க முடியல.”

மாரிட் வாசலுக்கு வந்தாள். “ஏழு கிலோமீட்டரா? அவ்வளவு தூரத்துல இருக்கற ஆளு எப்படித் தெரியும்?”

“இந்த மாதிரி குளிர்ல தெரியும்மா. காத்தே கண்ணாடி மாதிரி ஆயிடும். எங்கேயோ இருக்கறதைத் தூக்கி அந்தரத்துல காட்டும்.”

வெண்டல் ஒரு காகிதத்தை நீட்டினார். “அவர் சட்டைப்பையில இருந்தது.”

பென்சிலால் கோணல்மாணலாக எழுதியிருந்தது: ‘வெடிச் சத்தம் நின்றுவிட்டது. என்னைப் பார்த்துவிட்டார்கள். வந்துகொண்டிருக்கிறார்கள்.’