அட்டியில் ஓர் ஈரச் சாக்கு

உழவர் சங்கக் கிடங்கின் வாசலோரம் நிலக்கடலை மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போட்டிருந்தார்கள். எல்லார் கடலையையும் சேர்த்து எண்ணெய் ஆலைக்கு நேரடியாக விற்பதாக ஏற்பாடு.

அடியில் கிடந்த ஒட்டுப்போட்ட சாக்குக்கு மட்டும் மனசு சரியில்லை. கிளம்பும்போது அதன் சொந்தக்காரர் சொக்கையன் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்திருந்தார். வியாபாரி தராசில் எடையைக் குறைப்பான், இவர் தண்ணீரில் கூட்டுவார். இத்தனை வருஷமும் அப்படித்தான் ஈடுகட்டினார். தன் சங்கத்துக்கே கொண்டுவரும் நாளிலும் கை பழக்கத்தில் சொம்பைத் தேடிவிட்டது.

இப்போது சாக்குக்குள் புழுங்கியது. பூசணம் பிடித்தால் மொத்த அட்டியையும் ஆலைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிப் படுங்களேன்" என்றது பக்கத்துச் சாக்கிடம்.

"ஏன், நான் என்ன கடிக்கவா போறேன்?"

"நான் ஈரம், அண்ணே. உங்களையும் கெடுத்துடுவேன்."

மேலேயிருந்த குண்டுச் சாக்கு சிரித்தது. "ஒரு சொம்புக்கா இந்த அழுகை? எங்க வீட்டுல ஒரு குடம்!"

"மழையில நனைஞ்சேன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்று முனகியது பக்கத்துச் சாக்கு.

பிறகு எல்லாமே வெயிலைத் தேடி வாசல் பக்கமாகச் சாய்ந்தன. அட்டி சரிந்தது. தையல் பிரிந்து கடலையெல்லாம் வெயில் காயும் களத்தில் கொட்டியது.

சொக்கையன் பதறி ஓடிவந்தார். தன் கடலை எதுவென்று குனிந்து தேடினார். கையில் அள்ளியதெல்லாம் ஈரமாகவே இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொத்தக் குவியலையும் பரப்பத் தொடங்கினார்.