வலது பாதத்தில் ஐந்து ஊசி

1962இல் துறைமுகத்தில் பெட்டி விழுந்து அய்யாக்கண்ணுவின் இடது கால் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். புண் ஆறியது. ஆனால் இல்லாத பாதம் வலித்தது. டாக்டரின் மாத்திரை பாதி வலியைத்தான் குறைத்தது. மீதிக்கு அவன் மனைவி பூவம்மா, கேலாங் வட்டாரத்திலிருந்து ஊசி குத்தும் சீன வைத்தியரை வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

இடது பக்க வலிக்கு வலது பக்கத்தில் குத்துவது அவர் முறை. வலது பாதத்தில் ஐந்து ஊசிகளை ஏற்றி, அரை மணி கழித்து எடுத்துவிட்டுப் போனார்.

"இப்ப எப்படிங்க இருக்கு?"

"வலி இல்ல லா. குளிருது."

"எந்தக் கால்?"

அவன் கால் இல்லாத பக்கத்தைப் பார்த்தான். பூவம்மா போர்வையை இடது பக்கமும் இழுத்துச் செருகினாள்.

மறுநாள் விரிப்பை மாற்றும்போது, கால் இல்லாத இடத்தில் ஐந்து ரத்தப் பொட்டுகள் இருந்தன. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்தாள்.

அடுத்த வாரம் வைத்தியர் வந்துபோன பிறகு, அவன் வேலைக்குப் போய்வந்த நாட்களில் செய்ததுபோல, உள்ளங்கையில் நல்லெண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கினாள். கட்டிலின் இடது ஓரம் உட்கார்ந்து போர்வைக்குள் கையை விட்டாள்.

"மெதுவா, புள்ள," என்றான் அய்யாக்கண்ணு, கண்ணை மூடியபடி. "ஊசி போட்ட இடம்."

பூவம்மா பிடியைத் தளர்த்தினாள்.