அளந்து போட்ட வட்டம்

"பூட்ஸைப் பாரு பர்ல்! கோட்டுக்கு வெளிய நிக்குது. அந்த உள்ளான் பறவை செல்லாது!"

ஆல்டன் விசில் வேறு ஊதினார். தம்பி பர்ல் குனிந்து பார்த்தான். உண்மைதான், பூட்ஸின் நுனி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலம் எட்டிப் பார்த்தது.

"ஒரு இஞ்சுக்கு ஒரு பறவையை விடுவாங்களாண்ணே? இனிமே பறவைய விட்டுட்டு என் காலத்தான் எண்ணப் போறியா?"

"விதி விதிதான்டா. வட்டம் பதினேழு அடி. அதுக்குள்ள இருந்து பார்த்தாத்தான் கணக்கு."

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரணாலயத்தில் குழுவுக்கோர் இடம் பிடித்து வட்டம் போட்டு உட்காருவார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை எத்தனை வகைப் பறவை தென்படுகிறதோ அத்தனையும் எண்ணிக்கை. மூத்திரம் போக வெளியே போகலாம். போன இடத்தில் கழுகே வந்து மூக்கில் உட்கார்ந்தாலும் கணக்கில் வராது.

இந்த வருடம் ஆல்டனுக்குத் தூக்கமே இல்லை. ஏரிக்கு அக்கரையில் வட்டம் போட்டிருந்தது மேவிஸ், அவருடைய முன்னாள் மனைவி. விவாகரத்தில் நாய் இவருக்கு வந்தது, டெலஸ்கோப் அந்தம்மாவுக்குப் போனது. நாய் மறுமாதமே செத்துப்போனது.

மூன்று வருடமாக ஓட்டை பைனாகுலரோடு மனிதர் ஏங்கிப் போயிருந்தார். மேவிஸோடு பந்தயம்: இன்றைக்கு ஜெயித்தால் டெலஸ்கோப் திரும்பி வரும். ஜெயிக்காவிட்டால் மீசையை மழிக்க வேண்டும். மழிப்பது மேவிஸ். இருபத்தாறு வருடம் அந்த மீசையோடு ஒரே மேசையில் சூப் குடித்த கடுப்பு அந்தம்மாவுக்கு.

அதனால் வட்டம் போடும் வேலையை ஆல்டன் யாரிடமும் விடவில்லை. கயிற்றை மூன்று தடவை அளந்தார். பதினேழு அடி, நூல் பிசகவில்லை. நடுவில் முளை அடித்து அதில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்துச் சுற்றி நடந்து தானே கோடு போட்டார்.

வசதியான வட்டம். ஒன்பது நாற்காலி, அடுப்பு, பீன்ஸும் கறியும் கொதிக்கிற பானை எல்லாம் போக, பர்ல் கட்டில் போட்டு மத்தியானம் குறட்டையும் விட்டான். அக்கரையிலும் ஒன்பது பேர்தான், ஆனால் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருடா, பண்ணைக்கோழி மாதிரி அடைஞ்சு கிடக்குறத" என்றார் ஆல்டன், பூசணி டோநட்டை மென்றபடி. "எதுக்கும் ஒரு நிர்வாகம் வேணும்."

ஐந்தரை மணிக்கு மேவிஸ் போன் செய்தார். "எங்களுக்கு அறுபத்தொண்ணு. உனக்கு?"

"அறுபத்தொண்ணு."

"ரேசர் புதுசா வாங்கியிருக்கேன். காசு வேண்டாம், ஓசி."

ஆல்டன் மீசையைக் கையால் பொத்திக்கொண்டார். சூரியன் நாணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மேற்கு ஓரத்தில் குப்புறப் படுத்திருந்த பர்ல் கையை ஆட்டினான்.

"அண்ணே, மெதுவா வா. மரத்துக்குப் பின்னால ஒரு சின்னக் குளம் தெரியுது பாரு. அதுல குருகு!"

ஆல்டன் ஓடினார். முதலில் பார்த்தது பறவையை அல்ல, தம்பியின் கை கால்களை. எல்லாம் கோட்டுக்கு உள்ளே. பிறகுதான் மண்டியிட்டுப் பார்த்தார். கழுத்தை வானத்துக்கு நீட்டிக்கொண்டு, நானும் நாணல்தான் என்று நின்றது குருகு.

"அறுபத்திரண்டு" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். மீசை நனைந்தது.

பொழுது சாய்ந்ததும் ஆல்டன் போனில் சேதி சொன்னார். அறுபத்தொன்றோடு நின்றுபோன மேவிஸ் டெலஸ்கோப்பைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வந்ததும் கொடுக்கவில்லை.

"அந்தக் குருகை எங்க இருந்து பார்த்தீங்க?"

"இதோ, இங்க படுத்துக்கிட்டு." பர்ல் பெருமையாகக் காட்டினான்.

மேவிஸ் அங்கே நின்று சின்னக் குளத்தைப் பார்த்தார். திரும்பி அடுப்பைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "என் வட்டத்துல கையைத் தூக்கினா அடுத்தவன் காபி கொட்டுது. உனக்கு மட்டும் எப்படிக் கல்யாண மண்டபம்?"

"வயித்தெரிச்சல் படாத கண்ணு. அளந்து போட்டது. கயிறு அந்த முளையிலதான் கிடக்கு, நீயே பார்த்துக்க."

சொல்லிக்கொண்டே டெலஸ்கோப்பை உருவிக்கொண்டார். பிள்ளையைத் தடவுவதுபோல் குழாயைத் தடவினார். கண்ணை வைத்து நிலாவைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

மேவிஸ் கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். முளையிலிருந்து கோடுவரை கச்சிதமாக வந்தது. அப்புறம் கோட்டுப் பைக்குள் கையை விட்டு ரேசரை எடுத்தார்.

"பதினேழு அடிங்கிறது இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரத்துக்கு, ஆல்டன். முளையிலேருந்து இல்ல. உன் குருகு செல்லாது. மூஞ்சியக் காட்டு."