வடக்குக் காற்றில் ஜக்கெற்

வெளியே நாற்பது டிகிரி. மெல்பேர்ன் விமான நிலையத்தின் வருகை வாசலில், கையில் தடித்த சிவப்பு ஜக்கெற்றோடு நின்றேன்.

"அண்ணை, பாக்கிறவன் மரை கழண்டதெண்டு நினைக்கப்போறான். அதைக் காருக்குள்ளை வைச்சிட்டு வாங்கோ," என்றான் நண்பன் உமாசுதன். கார் அவனுடையது. சொல்ல உரிமை உண்டு.

நான் வைக்கவில்லை.

இந்த ஊர் வானத்தை நம்பி ஒருமுறை ஏமாந்தவன் நான். படகில் வந்து, விசா கிடைத்து, ட்ருகனினாவில் புது வீடுகளுக்குச் செங்கல் சுமக்கப் போன முதல் கோடை. காலையில் வடக்கிலிருந்து காற்று வந்தது. எங்கள் ஊரில் வடக்கால் வந்தால் அது வாடை. மழையும் குளிரும் கொண்டுவரும். அந்த நினைப்பில் இரண்டு சுவெற்றரை மாட்டிக்கொண்டு போனேன்.

கொஞ்ச நேரத்தில் நெருப்பு மூட்டிய போறணை வாய்க்குள் நிற்கிற மாதிரி இருந்தது. இரண்டையும் கழற்றி வேலை வான் வண்டிக்குள் எறிந்தேன். வான் மணல் ஏற்றப் போய்விட்டது. மத்தியானம் காற்று தெற்குக்குத் திரும்பியது. கட்டடச் சாரத்தின் உச்சியில் வெறும் பெனியனோடு நின்று நான் நடுங்கிய நடுக்கத்தைக் கூட வேலை செய்கிறவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இங்கே எல்லாம் தலைகீழ். வடக்கு சுடும், தெற்கு உறையவைக்கும். இப்போது எனக்கு ரேடியோ தேவையில்லை. பிடரியில் காற்றுப் படும் விதத்திலேயே சொல்லிவிடுவேன்.

இன்றைக்கும் மாறும். அதற்குள் வதனியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

வதனி என் மனைவி. நான்கு வருடமாகத் தொலைபேசியில்தான் குடும்பம். ஊரில் அவள் தையல்காரி. கையால் சுற்றுகிற தையல் மெசின் ஒன்றை வைத்தே ஒருவர் கையையும் எதிர்பார்க்காமல் நின்றுபிடித்தவள். அவளுக்கு விசா வந்த அன்று நான்தான் துள்ளினேன். அவள் துள்ளவில்லை.

"மெசினை விக்கேல்லை. தங்கச்சி வீட்டிலை வைச்சிட்டுத்தான் வாறன். அந்தக் குளிர் எனக்கு ஒத்துவராட்டித் திரும்பிப் போயிடுவன், இப்பவே சொல்லிப்போட்டன்."

சொன்னால் செய்கிறவள்.

அதனால்தான் ஜக்கெற். முதல் நாளே அவள் நடுங்கிவிடக் கூடாது. ஃபுட்ஸ்கிரே சந்தையில் ஆகக் கனமானதாகப் பார்த்து எடுத்தேன். அவளுடைய அளவுதான் நினைவுக்கு வரவில்லை. கைகளை விரித்து இவ்வளவு என்று காட்டினேன். கடைக்காரி சிரித்துக்கொண்டே எடுத்துத் தந்தாள்.

கதவு திறந்தது.

ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு வந்தவளை அடையாளம் காணக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சுரிதாருக்கு மேல் சுரிதார். அதற்கு மேல் ஒரு சுவெற்றர். அதற்கும் மேல் இன்னொன்று. முகம் மட்டும் வெளியே, வேர்வையில் குளித்தபடி. அரைக்காற்சட்டையோடு நின்ற சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"அக்கா, இது அந்தாட்டிக்கா இல்லை," என்றான் உமாசுதன்.

அவள் சிரித்தாள். எனக்குத்தான் மனம் விழுந்தது. குளிருக்கு இவ்வளவு பயந்து வருகிறவள் இங்கே எப்படி இருப்பாள்?

கார் நிறுத்திய இடத்துக்கு நடந்தோம். பாதி வழியில் பிடரியில் காற்று நின்றது.

மாறப்போகிறது என்று நான் வாய் திறக்குமுன் தெற்கிலிருந்து ஓங்கி அடித்தது. தூசி, கடதாசி, யாரோ ஒருவரின் தொப்பி, எல்லாம் பறந்தன. உமாசுதன் காற்சட்டைப் பைக்குள் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டே துள்ளினான். என் ரீசேட்டுக்குள் புகுந்த குளிர் முதுகால் வெளியே போனது.

ஜக்கெற்றை வதனியிடம் நீட்டினேன்.

அவள் தன் நாலு அடுக்கையும் பார்த்தாள். என் கையில் சிலிர்த்து நின்ற மயிரையும் பார்த்தாள். ஜக்கெற்றை வாங்கி எனக்கே போட்டுவிட்டு, சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்தாள்.

அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"ஆருக்கு எடுத்தனீங்கள், எனக்கோ உங்களுக்கோ?" தோள் தையலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். "எனக்கெண்டால் நாலு விரல் உள்ளுக்கை பிடிக்கோணும். வீட்டை போய்த் தைச்சிடலாம்."

"எதாலை தைக்கிறது? மெசின் தங்கச்சி வீட்டிலையெல்லோ."

அவள் அந்தக் காற்றில் நின்றபடியே மேல் சுவெற்றரைக் கழற்றினாள். பிறகு அடுத்ததையும் கழற்றினாள். முகத்தைக் காற்றுக்குக் காட்டி, "அப்பாடா," என்று ஒரு பெருமூச்சு விட்டாள்.

"குளிருமப்பா, போடு."

"குளிருக்கோ போட்டனான்? பெட்டியிலை இடமில்லை."

சூட்கேஸைத் தூக்கப் போனேன். ஒரு கையால் வரவில்லை. செங்கல் சுமக்கிற தோள் இது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். உள்ளே கனமாக இரும்பு ஒன்று புரண்டது.

"மெல்லத் தூக்குங்கோ," என்றாள் வதனி. "ஊசி உடைஞ்சிடும்."