இரண்டாவது லைன்

ஐந்தரைக்கு ஷாகிர் எழுந்தான். குடத்தில் தண்ணீர் பிடித்தான். சட்டையைத் தேய்த்தான். ஒரு முட்டையை வேகவைத்து நின்றபடியே தின்றான். ஏழு மணிக்கு வில்லாபுரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேலூருக்கு வண்டியை விட்டான்.

மனைவி இறந்து பதினாலு மாதமாக எல்லாக் காலையும் இப்படித்தான்.

மேலூர் மருத்துவமனைக்கென்றே தனியாக இழுத்த இணைய இணைப்பு, இரண்டு லீஸ்டு லைன். ஸ்கேன் இங்கே எடுப்பார்கள். மதுரையில் இருக்கும் டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்வார். முன்பு இரண்டு லைனும் ஒரே பள்ளத்தில் கிடந்தன. ஜேசிபி கொத்திய ஒரு கொத்தில் இரண்டும் போயின. அதன் பிறகுதான் இரண்டாவதை வேறு பாதையில் மாற்றச் சொன்னார்கள்.

வேலை முடிந்ததாம். லைன் போடும் கம்பெனியின் ஆளாக ஷாகிர் கையெழுத்திட்டால் மருத்துவமனையிடம் ஒப்படைத்துவிடலாம்.

பிராட்பேண்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று மருத்துவமனை மேலாளர் ராஜஸ்ரீ கேட்டார். அது ஷேர் ஆட்டோ, இது உங்களுக்கென்றே நிற்கிற கார் என்றான். இரண்டு காரும் ஒரே பாலத்தில் போனால் என்றார் அவர். அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றான்.

படிவத்தில் கடைசிக் கட்டம்: ‘தனித்தனிப் பாதை, நடந்து பார்க்கப்பட்டது.’

யாரும் நடப்பதில்லை. வரைபடத்தைப் பார்த்து, உட்கார்ந்த இடத்திலேயே டிக் போடுவதுதான் வழக்கம்.

ஷாகிர் நடந்தான். வெயிலில் இரண்டு கிலோமீட்டர். வரைபடத்தில் மேற்கே போன கேபிள், கண்மாய்க் கரை தாண்டியதும் திரும்பி வந்திருந்தது. பழைய பள்ளத்துக் கேபிள் தொட்டியின் மூடியைத் தூக்கினான். இரண்டு குழாயும் ஒட்டிப் படுத்திருந்தன.

மேற்பார்வையாளர் கருத்தக்கண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

“மாப்ள, எந்த ஊர்ல நடந்து பாக்குறாய்ங்க? டிக்கப் போட்டுட்டு வா. இல்லன்னா நாளைலருந்து வராத.”

“வரல. டிக்கும் போட மாட்டேண்ணே.”

கட்டம் நிறைய ‘ஒரே பள்ளம்’ என்று எழுதினான். கையெழுத்திட்டான். வேறு ஆளை அனுப்பி மாற்ற முடியாதபடி படிவத்தை ராஜஸ்ரீயின் கையிலேயே கொடுத்தான்.

அவர் பழைய கோப்பைத் திறந்தார். முதலில் லைன் போட்டபோது கொடுத்த படிவம். அதே கடைசிக் கட்டம். டிக். கீழே அதே கையெழுத்து.

அவர் நிமிர்ந்தபோது ஷாகிர் ஸ்கேன் அறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லைன் அறுந்த அன்று அங்கேதான் ஸ்ட்ரெச்சர் நின்றது. நாற்பது நிமிடம். தாய்வீட்டுக்கு வந்த இடத்தில், தலை வலிக்கிறது என்று சாய்ந்த அவன் மனைவி ஜஸீலா அதில் படுத்திருந்தாள். படம் மதுரைக்குப் போகவே இல்லை.

கடைசியாகக் கலிமா சொன்னாள் என்றுதான் அவளுடைய அம்மாவிடமும் ஊரிடமும் சொல்லியிருக்கிறான்.

அவள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னது வேறு.

“பதறாதீங்க மச்சான். நீங்க போட்ட லைனுதானே, வந்துரும்.”