கறுப்பா, வெள்ளையா?

“பெரியவரே! படம் தெரியுதா?”

விற்பனைப் பெண் அவர் காதருகே குனிந்து தொண்டை கிழியக் கத்தினாள். பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மருமகள் தோளைத் தட்டிச் சுவரைக் காட்டிய பிறகுதான் தலையாட்டினார்.

“விடுங்க, உங்க தொண்டைத் தண்ணி வத்தினதுதான் மிச்சம்,” என்றான் மகன். “முப்பது வருஷம் நூல் மில்லுல அந்த இரைச்சலுக்கு நடுவுல நின்னவர். இடியே விழுந்தாலும் கேக்காது. காதுக்கு மெஷின் வாங்கிக் குடுத்தேன், மாட்டவே மாட்டேன்னுட்டார். அவ்வளவு பிடிவாதம்!”

விளக்கை அணைத்துப் படம் போட்டுக் காட்டுகிற சின்ன அறை அது. மேசையில் இரண்டு புரொஜெக்டர்கள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, இரண்டுமே டிபன் டப்பா அளவு. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முக்கால் மணி நேரமாகப் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சண்டையைப் பார்த்தால், சுவரில் தனியாக ஒரு படம் ஓட்டத் தேவையே இல்லை.

“ரெண்டும் ஒரே வெளிச்சம்தான் சார். படமும் ஒரே அளவுதான் விழும்,” என்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள் விற்பனைப் பெண். “வெள்ளையில சத்தமே வராது. கறுப்புல உள்ளே இருக்கிற ஃபேன் ரொம்ப இரையும். அதுக்காகவே நிறையப் பேர் திருப்பிக் கொண்டுவந்துடறாங்க.”

“அப்போ வெள்ளைதான்,” என்றாள் மருமகள். “நான் வீட்ல உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கறவ. பக்கத்து ரூம்ல அது இரைஞ்சுக்கிட்டே இருந்தா எனக்குத் தலை வெடிச்சுடும்.”

“கறுப்புதான். அக்கா வீட்ல மூணு வருஷமா ஓடுது, ஒரு ரிப்பேர் இல்லை.”

“உங்க அக்கா சொல்லிட்டா வேதவாக்கு! அவ்வளவு அக்கறை இருக்கிறவங்க, அப்பாவையும் கூட்டிட்டுப் போய் வெச்சுக்க வேண்டியதுதானே? என் தலையில கட்டிட்டு, போன்ல மட்டும் பாசத்தைப் பொழியறாங்க!”

“மெதுவாப் பேசு.”

“எதுக்கு மெதுவா? அவருக்குக் கேக்கவா போகுது?” மருமகளின் குரல் இன்னும் ஏறியது. “ஹால்ல உட்கார்ந்து டி.வி.யை அலறவிடறாரே, அதை இனிமே என்னால சகிக்க முடியாது. இதை அவர் ரூம்ல வெச்சிடுவோம். அதுக்கப்புறமும் ஏதாவது தொல்லைன்னா, அடுத்த மாசமே முதியோர் இல்லம்தான். சொல்லிட்டேன்!”

“எனக்கு மட்டும் வெச்சுக் கும்பிடணும்னு ஆசையா?” மகன் மேசையைத் தட்டினான். “அவர் இன்னும் எத்தனை நாளைக்குப் பார்க்கப் போறார்? அப்புறம் நமக்குத்தானே அது. அதான் ரிப்பேர் ஆகாததைக் கேக்கறேன்!”

விற்பனைப் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? இதெல்லாம் காதில் விழாததே பெரியவர் செய்த புண்ணியம் என்று நினைத்தாள்.

ஆத்திரத்தில் அவள் கையிலிருந்த லென்ஸ் மூடி நழுவி, பெரியவரின் நாற்காலிக்குப் பின்னால் விழுந்தது. அவர் திரும்பிக் குனிந்து, இருட்டில் தடவி எடுத்து அவளிடம் நீட்டினார்.

அதை வாங்கிக்கொண்டு அவள் பட்டென்று சொன்னாள். “பார்க்கப் போறது ஐயாதானே மேடம்? அவரையே கேட்டுடலாம்.”

“தாராளமா. கடை மூடற வரைக்கும் கத்திக் கேளுங்க,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் மருமகள்.

விற்பனைப் பெண் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாள். வெள்ளை இருக்கிற இடம் தெரியாமல் ஓடியது. கறுப்பு போட்ட இரைச்சலில் மருமகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பெரியவர் எழுந்து வந்து, கறுப்பின் மேல் கை வைத்தார். “இது,” என்றார். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

“பார்த்தியா? எங்கப்பா என் பக்கம்!”

“காது கேக்காதவருக்கு என்ன வந்தது? தலைவேதனை எனக்குத்தானே! ஒரு வாரம் பார்ப்பேன். அப்புறம் அதுவும் வெளியே, அவரும் வெளியே!”

சண்டையோடு சண்டையாக இருவரும் பில் போடக் கிளம்பினார்கள். அறையில் பெரியவரும் விற்பனைப் பெண்ணும் மட்டும் நின்றார்கள்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. இந்த இரைச்சல் ஒன்று போதுமே, இதைச் சாக்கு வைத்தே அந்த மகராசி கிழவரை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவாளே! அவர் காதருகே வாயைக் கொண்டுபோய், முழு மூச்சையும் கூட்டிக் கத்தினாள்.

“ஐயா! கறுப்பு வேண்டாம்! ரொம்பச் சத்தம்! வெள்ளையை எடுத்துக்குங்க!”

பெரியவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். கண்கள் சிவந்திருந்தன. கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, பல்லைக் கடித்தபடி தணிந்த குரலில் கேட்டார்.

“கத்தாதேம்மா... இதை ஓடவிட்டா, பக்கத்து ரூம்ல இவங்க பேசறது எனக்குக் கேக்காதுதானே?”