ஒன்பதாம் விதி

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் கைவிரல் ஒன்றை நறுக்கிக் கொடுத்துவிடுகிறேன். இது சத்தியம்.

பல் டாக்டர் சோபாவில் குப்புறக் கிடந்தார். வலது பின்தோளில் ஒரு கத்தி, கைப்பிடி மட்டும் வெளியே தெரியும்படி இறங்கியிருந்தது. அவருடைய மச்சினன் இரண்டு கையிலும் ரத்தத்தோடு சுவரோரம் நின்றான்.

"யாருய்யா குத்தினது?" என்றார் இன்ஸ்பெக்டர். அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து அவரை வரவழைத்திருந்தார்.

"யாரும் குத்தலை சார். சமையல் கத்தி சோபாவுல கிடந்திருக்கு. பாக்காம சாஞ்சுட்டேன்" என்றார் டாக்டர்.

இன்ஸ்பெக்டர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் ஆள் உயரத்துக்கு ரத்தம் தெறித்திருந்தது. டாக்டரின் முன்பற்கள் இரண்டு தரையில் கிடந்தன. பல் வைத்தியம் பார்ப்பவருக்கு அது நல்ல விளம்பரம் அல்ல.

"சாஞ்சதுல பல்லும் விழுந்துடுச்சா?"

"ஏற்கெனவே ஆடிட்டிருந்த பல்லு சார்."

"மச்சினன் காதுல பாதியைக் காணோமே?"

"அவனுக்குப் பொறந்ததுலேருந்தே அப்படித்தான்."

"பொறந்ததுலேருந்தா ரத்தம் சொட்டுது?"

மச்சினனுக்கு அழுகை வந்துவிட்டது. "சார், எங்க அப்பாவோட கத்தியை மாமாகிட்ட திருப்பிக் கேக்கத்தான் வந்தேன். பேச்சு முத்திடுச்சு. அவர் பல்லை ஒடைச்சது நான்தான், ஒத்துக்கறேன். என் காதை அவர் கடிச்சுட்டே இருந்தாரு, திடீர்னு ஐயோன்னு விட்டுட்டாரு. பாத்தா முதுகுல கத்தி. உருவலாம்னு போனேன், வயித்துலயே உதைச்சுட்டாரு."

மச்சினனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் டாக்டர் மழுப்புகிறார் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார். ஆனால் டாக்டரின் பாசம் மச்சினன் மேல் இல்லை. மூலையில் நின்ற இரும்பு அலமாரியின் மேல்.

அதற்குள் எண்பத்தோரு கத்திகள். பட்டன் அழுத்தினால் சீறிக்கொண்டு திறப்பது, இரண்டு பக்கமும் கூரானது, ஊன்றுகோலுக்குள் ஒளிந்திருப்பது என்று இருபத்தாறு வருடச் சேகரிப்பு. அந்த இருபத்தாறு வருடமும் டாக்டரின் மனைவியின் துணிமணிகள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன.

கத்தி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. அதன் பன்னிரண்டு விதிகளையும் டாக்டர் தினமும் காலையில் காபியோடு உரக்கப் படிப்பார். நான்காம் விதிப்படி அலமாரி பூட்டியே இருக்கவேண்டும், சாவி, கத்தி சேகரிப்பவர் கையில் இருக்கக் கூடாது. ஒன்பதாம் விதிப்படி, அந்த எண்பத்தொன்றில் எது மனித ரத்தம் பார்த்தாலும், குத்தியவர் யாரானாலும், மொத்தத்தையும் பறிமுதல் செய்து உலையில் போட்டு உருக்கிவிடுவார்கள். சமையல் கத்திக்கு மட்டும் ஒரு விதியும் இல்லை.

அப்போதுதான் வந்து சேர்ந்த ஆம்புலன்ஸ்காரர் குனிந்து காயத்தைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனதும் இதை உருவியாகணும்."

"உருவக் கூடாது."

"உருவலைன்னா செத்துடுவீங்க."

"பரவாயில்லை."

அப்போது டாக்டரின் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். ஒரு கையில் பாதி நறுக்கிய வெங்காயம், மறு கையில் கத்தி.

"எங்க வீட்டுச் சமையல் கத்தி இதுதாங்க சார். இது ஒண்ணுதான் இருக்கு."

சோபாவிலிருந்து ஒரு முனகல் கேட்டது. இன்ஸ்பெக்டர் அலமாரியைப் பார்த்தார். பூட்டு பத்திரமாகத் தொங்கியது, ஒரு கீறல் இல்லை. மனைவி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்துவிட்டாள். இரண்டு தடவை எண்ணினார்கள். எண்பதுதான் இருந்தது. முப்பத்தேழாம் நம்பர் கொக்கி காலி.

"அது சாணை பிடிக்கப் போயிருக்கு சார்" என்றார் டாக்டர்.

"வீட்டை விட்டு வெளிய போனா ஆறாம் விதி இடிக்குமேங்க" என்று மனைவி பணிவாக நினைவூட்டினாள்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். கைப்பிடியில் உறைந்திருந்த ரத்தத்தை ஆம்புலன்ஸ்காரர் பஞ்சால் துடைத்தார். அடியில் முப்பத்தேழு என்று பொறித்திருந்தது.

கால் மணி நேரத்தில் எண்பது கத்திகளும் சாக்குக்குள் போய்விட்டன. சாக்கோடு மச்சினனையும் வண்டியில் ஏற்றினார்கள். "நான் குத்தலை அக்கா" என்று அவன் தெருமுனை வரை கத்திக்கொண்டே போனான்.

டாக்டரை ஸ்ட்ரெச்சரில் குப்புறப் போட்டுத் தூக்கினார்கள். குத்து வாங்கியபோது வராத கண்ணீர் இப்போது வந்தது. அலமாரியைக் கடக்கும்போது நிறுத்தச் சொன்னார். மனைவி முதல் அட்டைப்பெட்டியைப் பிரித்து, துணிகளை மேல்தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பூட்டின அலமாரியிலேருந்து அது எப்படிம்மா வெளிய வந்துச்சு?"

அவள் குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒன்பதாம் விதியைத் தினமும் எனக்குப் படிச்சுக் காட்டினது நீங்கதானே?"

இந்தச் சம்பவத்தை இதற்கு முன் நான் நான்கு தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது என் கைகளில் இருப்பவை ஆறு விரல்கள்.